அம்மி அரைத்து அருந்ததி பார்த்து

வாத்தியார் வேலையா, கோடையில் ஒன்றரை மாதம் ஜாலிதானே என்று கேட்காத சொந்தக்காரர் எனக்கு இல்லை. ஏப்ரல் முழுக்க விடைத்தாள் திருத்தும் முகாமில் முதுகு ஒடிந்து, அதற்குப் பிறகு பள்ளியில் சேர்க்கை வேலை, பதிவேற்ற வேலை என்று இரண்டு வாரம் போய், கடைசியில் கையில் மிஞ்சுவது மூன்று வாரம்தான். அதிலும் ஒரு வாரம் மாமியார் வீடு. போகட்டும். இந்த வருடம் மிஞ்சிய நாட்களை வைத்து ஜவ்வாது மலைக்குப் போய் வந்தோம். நான், மனைவி, எட்டாவது முடித்த மகள், நான்காவது முடித்த மகன், எழுபத்தொரு வயது அம்மா, மிளகு என்கிற நாட்டு நாய், அப்புறம் நாலரை அடி நீளத்தில் ஒரு பி.வி.சி. குழாய்.

அந்தக் குழாய் நானே செய்த தொலைநோக்கி, அதைப் பற்றிச் சொல்லாமல் பயணத்தைச் சொல்ல முடியாது. பத்தொன்பது வருடமாக இயற்பியல் நடத்துகிறேன், குழியாடிக்குக் கதிர்ப்படம் வரைந்து வரைந்து கை தேய்ந்துவிட்டது, ஆனால் ஒரு குழியாடியைக் கையால் செய்து பார்த்ததில்லை. போன கோடையில் ஆறு அங்குலத்தில் இரண்டு தடித்த வட்டக் கண்ணாடிகள் வாங்கினேன். கொல்லையில் தண்ணீர் நிரப்பிய டிரம் மேல் ஒன்றை நகராமல் பொருத்தி, கார்பரண்டம் பொடியைத் தண்ணீரோடு தூவி, இன்னொன்றை அதன்மேல் வைத்துத் தேய்க்க வேண்டும். தேய்த்துக்கொண்டே டிரம்மைச் சுற்றி நடக்கவும் வேண்டும், கையில் உள்ள கண்ணாடியையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டும். இப்படிச் செய்தால் மேலே இருப்பது தானாகக் குழிந்துகொண்டே போகும், கீழே இருப்பது புடைக்கும். எந்திரம் எதுவும் வேண்டாம். இரண்டு பரப்புகள் எல்லாத் திசையிலும் உரசி உரசி எங்கும் ஒட்டி நிற்கக்கூடிய வடிவம் கோளம் ஒன்றுதான், அதனால் கோளம் தவிர வேறு எதுவும் வர வழியில்லை. இதைப் பாடத்தில் படித்திருந்தால் கொட்டாவி விட்டிருப்பேன். கையில் வந்தபோது நிஜமாகவே சிலிர்த்தது.

1200 மில்லிமீட்டர் குவியத் தொலைவுக்கு நடுவில் எவ்வளவு குழி வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு மில்லிமீட்டரும் கொஞ்சமும். அவ்வளவுதான். அதற்கு 80-ஆம் எண் கரடுமுரடுப் பொடியில் ஆரம்பித்து, ஒன்றைவிட ஒன்று நைசான பொடிகளாக மாற்றி மாற்றி, கடைசியில் தார் போன்ற கீல் ஊற்றிய தட்டில் சீரியம் ஆக்சைடு வைத்து மெருகு போட்டு முடிக்க இரண்டு கோடைகள் ஆனது. கரகர சத்தம் கேட்டு அம்மா ஒரு நாள் கொல்லைக்கு வந்து நின்று பார்த்துவிட்டு, "என்னடா அம்மியில மசாலா அரைக்கிறவனாட்டம் அரைக்கிற, எதுக்குடா இது?" என்றார். அருந்ததி நட்சத்திரம் பார்க்க என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அதற்கு அம்மா சொன்னதுதான் இந்தப் பயணத்துக்கே காரணம். அவருக்குக் கல்யாணம் நடந்தது காலை முகூர்த்தத்தில். ஐயர் மண்டப வாசலுக்குக் கூட்டிப் போய், வெயில் கொளுத்தும் வானத்தில் விரலை நீட்டி "அருந்ததி தெரியுதாம்மா" என்று கேட்க, இவரும் தெரியுது என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். "அப்பா?" என்று கேட்டேன். "அவர் எனக்கு முன்னாடியே தெரியுதுன்னுட்டாரே."

சரி, காட்டிவிடுவோம் என்று முடிவு செய்தேன். எங்கள் விழுப்புரம் வீட்டு மொட்டை மாடியில் தெருவிளக்கு நேராக முகத்தில் அடிக்கும். பி.எட். படிக்கும்போது ஒரே அறையில் இருந்த நண்பன் ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு மலைக்கிராமத்துப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறான், ஊரும் அதுவே. "கிளம்பி வாடா, இங்கே இருட்டுக்குப் பஞ்சமே இல்லை" என்றான். அமாவாசையை ஒட்டிய வாரக் கடைசியாகப் பார்த்துக் கிளம்பினோம். பூனை ஜில்லுவைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்தோம். ஒப்படைத்தோம் என்பதைவிட, அது ஏற்கெனவே அங்கேதான் சாப்பிடுகிறது என்பதே உண்மை.

திருவண்ணாமலை, போளூர் வரை சமவெளி, அதற்கப்புறம் மலை ஏறுகிறது. மிளகுக்குக் காலையிலிருந்து எதுவும் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லியிருந்தும் மகன் யாருக்கும் தெரியாமல் இரண்டு இட்லி கொடுத்திருக்கிறான். அது ஐந்தாவது வளைவில் தெரியவந்தது. எங்கே தெரியவந்தது என்றால், தொலைநோக்கி ஆடியைப் போர்வையில் சுற்றி வைத்திருந்த அட்டைப்பெட்டியின் மேல். போர்வை போனது, ஆடி தப்பித்தது. வண்டியை ஓரம் கட்டிக் கழுவிக்கொண்டிருந்தபோது மனைவி, "நாய்க்கு மாத்திரை வாங்கணும்னு மூணு நாளா சொன்னேன், நீங்க குழாய்க்குக் கறுப்புப் பெயின்ட் அடிச்சிட்டு இருந்தீங்க" என்றார். பதில் இல்லை என்னிடம்.

இங்கே வாழும் மலையாளி மக்களுக்கும் கேரளாவுக்கும் சம்பந்தமில்லை. தமிழ் பேசும் பழங்குடிகள், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். நண்பன் வீட்டில் மதியம் சாமைச் சோறும் கீரைக் குழம்பும், சாயங்காலம் பலாச்சுளை, அது முடிவதற்குள் இன்னொரு பலாப்பழம். என் மகன் நாட்டுக்கோழிகளின் பின்னால் ஓட, கோழிகள் மிளகின் பின்னால் ஓடின. எழுத்துப்பிழை இல்லை, கோழிகள்தான் அதைத் துரத்தின.

மறுநாள் சனிக்கிழமை, காவலூர் வானாய்வகத்தில் பொதுமக்களை விடும் நாள். ஜமுனாமரத்தூரிலிருந்து ஆலங்காயம் போகும் சாலையில்தான் இருக்கிறது. மிளகோடு நண்பன் வெளியே மரத்தடியில் உட்கார்ந்துகொண்டான். வைணு பாப்பு என்ற வானியலாளர் அறுபதுகளில் தேடிப் பிடித்த இடம் இது. ஊர் வெளிச்சம் எட்டாத காடு என்பது ஒன்று. அதைவிட முக்கியம், பன்னிரண்டரை டிகிரி அட்சரேகையில் இருப்பதால் வட வானமும் தென் வானமும் இங்கே சேர்ந்து கிடைக்கும். யுரேனஸுக்கு வளையம் இருப்பது 1977 மார்ச்சில் தெரியவந்தபோது அந்த நிகழ்வைப் பதிவு செய்த இடங்களில் இதுவும் ஒன்று. 1988-ல் இங்கே கண்டுபிடித்த ஒரு குறுங்கோளுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர்.

பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர். அதையும் நம் நாட்டில்தான் தேய்த்து மெருகேற்றினார்கள். என் ஆடியைவிட ஏறக்குறைய 240 மடங்கு பரப்பு. அத்தனை பரப்பை, அந்த அளவு நுணுக்கத்துக்கு எத்தனை கை, எத்தனை நாள் தேய்த்திருக்கும் என்று நினைத்தபடி குவிமாடத்துக்குள் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தேன், மகள் வந்து இழுத்துப் போகும் வரை. பாப்பு 1982-ல் இறந்துவிட்டார். இந்தத் தொலைநோக்கி 1986 ஜனவரியில்தான் திறக்கப்பட்டது, அன்றைக்குத்தான் ஆய்வகத்துக்கு அவர் பெயரும் வைத்தார்கள். தான் ஆரம்பித்து வைத்ததன் வழியாக ஒரு தடவைகூட அவர் பார்க்கவில்லை என்பது எனக்கு ரொம்ப நேரம் உறுத்திக்கொண்டே இருந்தது.

இரவு? மேகம். ஏழு மணிக்கு இடி, எட்டு மணிக்கு மழை, ஒன்பது மணிக்கு மின்சாரம் போய்விட்டது. கோடை மழை என்றால் என்ன என்று தெரியாதவன் மாதிரி திண்ணையில் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவிக்கே பாவமாகிவிட்டது போல, பெயின்ட் பேச்சை அதற்கப்புறம் எடுக்கவில்லை.

ஆனால் அந்த மழைதான் தூசியையெல்லாம் அடித்துக்கொண்டு போனது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இருந்த வானத்தை எப்படிச் சொல்வது, விழுப்புரத்தில் எண்ணிச் சொல்லிவிடலாம், இங்கே எண்ண ஆரம்பிக்கவே தோன்றவில்லை. களத்துமேட்டில் மரப்பெட்டித் தாங்கியை வைத்துக் குழாயை ஏற்றினோம். மலைப்பாதை குலுக்கலில் ஆடி கோணிப்போயிருந்தது, திருகைத் திருப்பித் திருப்பிச் சரிசெய்ய அரை மணி நேரம். இந்தப் பெட்டித் தாங்கி, அமெரிக்காவில் ராமகிருஷ்ண மடத்தின் வேதாந்த சங்கத்தில் துறவியாக இருந்த ஜான் டாப்சன் பரப்பியது. பழைய கப்பல் ஜன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்து, நடைபாதையில் வைத்துப் போவோர் வருவோருக்கெல்லாம் நிலாவைக் காட்டிய மனிதர். என்னுடையதில் உள்ள சன்மைக்கா, எங்கள் சமையலறை அலமாரி வேலையில் மிஞ்சியது.

மே நடுவில் ஒரு வசதி இருக்கிறது, நீங்களும் பார்க்கலாம். ராத்திரி பத்து மணி வாக்கில் தலைக்கு மேலே, கொஞ்சம் தெற்கே தள்ளி, வெள்ளையாக மின்னுவது சித்திரை நட்சத்திரம். அதிலிருந்து நேராகத் தெற்கே இறங்குங்கள். நீட்டிய கையின் முஷ்டி ஒன்று பத்து டிகிரி என்றால் மூன்றரை முஷ்டி. அங்கே மங்கலாக, பஞ்சு ஒட்டியது போல ஒரு புள்ளி, ஒமேகா சென்டாரி. நம் பால்வெளியின் விண்மீன் கொத்துகளில் மிகப் பெரியது, தூரம் சுமார் 17,000 ஒளியாண்டு. லண்டனில் இருப்பவர்கள் தலைகீழாக நின்றாலும் இது தெரியாது, அவர்களுக்கு அது தொடுவானத்துக்கு மேலே வருவதே இல்லை. மகள் கண்ணை வைத்ததும், "அப்பா, யாரோ ரவையைக் கொட்டிட்டாங்க" என்றாள். மகன் அவளைத் தள்ளிவிட்டுப் பார்த்தான். மிளகு வாலை ஆட்டியதில் குழாய் இடிபட்டு ரவை காணாமல் போய், மறுபடி தேடினோம்.

அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டேன். சித்திரையிலிருந்து தெற்கே போனது போலவே நேர் வடக்கே போனால், பாதி உயரத்தில் சப்தரிஷி மண்டலத்தின் வாலில் வசிஷ்டர், ஒட்டினாற்போல அருந்ததி. ஒமேகா சென்டாரி, சித்திரை, வசிஷ்டர் மூவரும் தலைக்கு மேலே வடக்கு தெற்காகப் போகும் உச்சிக்கோட்டை ஏறத்தாழ ஒரே நேரத்தில் தாண்டுகிறார்கள், பஞ்சாங்கத்தில் இதை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. அம்மா கண்ணாடியைக் கழற்றினார், முக்காலியில் உட்கார்ந்தார், குனிந்தார். ரொம்ப நேரம் பேச்சே இல்லை.

"தெரியுதாம்மா?"

"தெரியுது. நிஜமாத்தான் சொல்றேன், தெரியுது." கண்ணை எடுக்கவில்லை. "ஆனா மூணு இல்ல இருக்கு?"

மூன்றுதான். வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் வசிஷ்டர் தொலைநோக்கியில் இரண்டாகப் பிரிந்துவிடும், அருந்ததி சற்றுத் தள்ளித் தனியாக நிற்கும். அதைச் சொன்னேன்.

"அப்போ அவரோட ஒட்டிக்கிட்டு நிக்கிறது யாருடா?"

நண்பன் சிரித்த சிரிப்பில் மிளகு குரைக்க ஆரம்பித்து, ஊர் நாய்களெல்லாம் சேர்ந்துகொண்டன. மனைவி, "அத்தை, இதை ஐயர்கிட்டதான் கேக்கணும்" என்றார்.

திங்கட்கிழமை ஆலங்காயம், வாணியம்பாடி வழியாக இறங்கி, சுற்றுவழிதான் என்றாலும் ஆம்பூரில் சீரகச்சம்பா பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் சாப்பிட்டுவிட்டு வீடு வந்தோம். மிளகுக்கு இந்தத் தடவை எதுவும் கொடுக்கவில்லை, எலும்பு வீட்டுக்கு வந்த பிறகுதான். எட்டு அங்குலத்தில் கண்ணாடி என்ன விலை என்று விசாரித்து வைத்திருக்கிறேன். டிரம்மில் மனைவி துணி ஊற வைத்திருக்கிறார்.