‘கும்’ என்று ஊதும் கல் அறை: ஸ்ட்ரீமரில் ஒலித் திருத்தம்

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் 2010க்குப் பிறகு எழும்பிய வீடுகளில் பல ஒரே சாயல். சீமெந்துக் கல் சுவர், இழுத்துப் பூசிய நிலம், மேலே ஓடு அல்லது சீற். உள்ளே பத்துக்குப் பன்னிரண்டு அறை. அங்கே ஸ்ட்ரீமராக, அதாவது பாட்டுக் கோப்புகளை ஓட்டும் பெட்டியாக, ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியும், அம்பும் (அம்ப்ளிபயர்) இரண்டு சின்ன ஸ்பீக்கரும் வைத்துத் தவில் இசை போட்டால், வலப்பக்க வலந்தலைச் சொற்கள் கண்ணாடிபோல வரும். இடப்பக்கத் தொப்பியில் விழும் தடியோ ஒவ்வொரு அடிக்கும் ஒரே ‘கும்’ தான். ஸ்பீக்கரைக் குறைசொல்ல முதல் அறையை அளக்க வேண்டும்.

கணக்கு லேசு. ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரண்டு மடங்கால் பிரித்தால், அந்த அறை எந்த அலைவெண்ணில் ஊதும், அதாவது கூடவே அதிர்ந்து சத்தத்தைப் பெருக்கும் என்று வந்துவிடும். எங்கள் 30 பாகை வெக்கையில் ஒலி விநாடிக்கு 349 மீற்றர் போகும். பன்னிரண்டு அடி 3.66 மீற்றர், விடை 48 ஹேர்ட்ஸ். பத்தடி 3.05 மீற்றர், விடை 57 ஹேர்ட்ஸ். சீலிங்கும் பத்தடியில் என்றால் அகலமும் உயரமும் ஒரே 57இல் ஏறி உட்காரும். தொப்பி ஊதுவதற்கு இது ஒன்றே போதும். சீலிங் அடிக்காத ஓட்டு வீட்டில் கூரை சரிவாக இருப்பதாலும், ஓட்டு இடுக்கால் தாழ்ந்த ஒலி வெளியேறுவதாலும் உயரத்தால் வரும் ஊதல் குறைவு. கொங்கிரீட் தட்டுப் போட்ட அறைதான் மோசம்.

பில்டர் (குறித்த அலைவெண்ணை மட்டும் குறைக்கும் மென்பொருள் வடிகட்டி) போடுவது கடைசி வேலை. முதலில் ஸ்பீக்கரை மூலையிலிருந்து இழுங்கள். மூலை எல்லா ஊதலையும் ஒருசேர எழுப்பும் இடம். கதிரையைப் பின்சுவரோடு ஒட்டவும் கூடாது, நட்டநடுவிலும் போடக் கூடாது. பன்னிரண்டடி அறையில் சுவரிலிருந்து நாலரை அடி நல்ல தொடக்கம். வெறும் நிலத்தில் ஸ்பீக்கருக்கும் கதிரைக்கும் நடுவே தடித்த கம்பளமோ பஞ்சு மெத்தையோ விரித்தால் கணீரென்ற எதிரொலி குறையும். ஓலைப்பாய் மெல்லிசு, அதனால் பெரிய பயன் இல்லை. மெத்தை தாழ்ந்த ஒலியைத் தொடாது, பில்டர் எதிரொலியைத் தொடாது. இரண்டும் வேறு வேறு வேலை.

அளக்க ‘றூம் ஈக்யூ விஸார்ட்’ என்ற இலவச மென்பொருளும், மினிடிஎஸ்பியின் யூமிக்-1 போல ஒரு யூஎஸ்பி மைக்கும் வேண்டும். மைக்கில் உள்ள தொடரிலக்கத்தைக் கொடுத்து அந்த மைக்குக்கே உரிய திருத்தக் கோப்பை இறக்க வேண்டும். இரண்டு கோப்பு வரும். மைக் மேல்நோக்கி நின்றால் 90 பாகைக் கோப்பு, ஸ்பீக்கரை நோக்கினால் 0 பாகைக் கோப்பு. மாறிப் போட்டால் உச்ச ஒலிகள் பிழையாகக் காட்டும். கைப்பேசி மைக்கை நம்பாதீர்கள். பலதில் தாழ்ந்த ஒலியை வெட்டிவிடுகிறார்கள், சத்தத்தைத் தானாகவே கூட்டிக் குறைக்கவும் செய்யும்.

ஸ்ட்ரீமர் வைத்திருப்பவர்கள் தடக்குப்படும் இடம் அடுத்தது. மடிக்கணினி அளக்கிறது, பாட்டைப் போடுவது பை. இரண்டுக்கும் கடிகாரம் வேறு. புளூடூத்தால் இணைத்து அளந்தால் நீங்கள் உண்மையில் கேட்கிற பாதையை அளக்கவில்லை. சரியான வழி இது: மென்பொருளின் ஜெனரேட்டரில் அளவை ஒலியை (தாழ்விலிருந்து உச்சம் வரை ஏறும் ஒலி), நேரக் குறிப்பு ஒலியோடு சேர்த்து வேவ் கோப்பாகச் சேமியுங்கள். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. நீளம் 256கே புள்ளி (சாம்பிள்), 48 கிலோஹேர்ட்ஸில் ஐந்தரை விநாடி வரும். மட்டம் மைனஸ் 12 டெசிபெல். அவற்றை உங்கள் பாட்டுக் கோப்புறையில் போட்டு, அளவைச் சாளரத்தில் ‘கோப்பிலிருந்து’ என்று தெரிவுசெய்துவிட்டு, ஸ்ட்ரீமரில் ஓட விடுங்கள். நேரக் குறிப்பு கேட்டதும் மென்பொருள் தானாகத் தொடங்கும். ஸ்ட்ரீமரில் சத்தச் சமன், ஈக்யூ (அலைவெண் வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது) எல்லாம் அணைந்திருக்க வேண்டும். கதிரையில் 75 டெசிபெல் வந்தால் போதும்.

அளக்கும்போது ஃபேன், தண்ணி மோட்டர், பிரிட்ஜ் எல்லாம் நிற்கட்டும். மடிக்கணினி பற்றரியில் ஓடட்டும். சார்ஜரால் வரும் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் வரைபடத்தில் அறை ஊதலால் எழும் 48 ஹேர்ட்ஸ் மேட்டோடு கலந்து ஏமாற்றும். ஒலி போடாமல் வரைபடத்தைப் பார்த்தும் 50, 100, 150இல் முள் நின்றால் அது கரண்ட், அறை அல்ல. மாரியில் தவளை கத்தும் இரவும், சீற்றில் மழை விழும் நேரமும் சரிவராது. ஆனால் யன்னலும் கதவும் நீங்கள் பாட்டுக் கேட்கும்போது எப்படியோ, அப்படியே இருக்க வேண்டும். யன்னலைப் பூட்டி அளந்துவிட்டுத் திறந்துவைத்துக் கேட்டால் வேறு அறையைத்தான் திருத்தியிருப்பீர்கள்.

தலை இருக்கும் இடத்திலும், அதைச் சுற்றி ஓரடி, ஒன்றரை அடிக்குள்ளும் ஒன்பது இடம் அளந்து சராசரி எடுக்க வேண்டும். ஒரே இடத்தை மட்டும் அளந்தால் தலை ஒரு சாண் அசைந்ததும் திருத்தம் பிழைக்கும்.

பிறகு மென்பொருளின் ஈக்யூ பகுதி. திருத்தும் எல்லை 30 முதல் 300 ஹேர்ட்ஸ் வரை. இந்த அளவு அறையில் ஏறத்தாழ 270க்கு மேலே அறையின் தனி ஊதல்கள் ஒன்றோடொன்று கலந்து மறைந்துவிடும். அதற்கு மேல் கோட்டை நேராக்கப் போனால் நாதஸ்வரத்தின் இயல்பான குரலைத்தான் கெடுப்பீர்கள். கூட்டும் அளவு இரண்டு பெட்டியிலும் பூச்சியம் என்று போடுங்கள். வெட்டு மட்டும். ஏனென்றால் வரைபடத்தில் வரும் பள்ளம் என்பது, ஸ்பீக்கரிலிருந்து நேரே வரும் ஒலியும் சுவரில் பட்டு வரும் ஒலியும் ஒன்றையொன்று அழிக்கும் இடம். நேர் ஒலியைக் கூட்டினால் சுவரில் படுவதும் அதே அளவு கூடும், பள்ளம் அப்படியே கிடக்கும். 6 டெசிபெல் கூட்ட அம்புக்கு நாலு மடங்கு சக்தி வேண்டும், 10 என்றால் பத்து மடங்கு. பள்ளத்துக்கு மருந்து ஸ்பீக்கரை நகர்த்துவது: பின்சுவரிலிருந்து 90 சென்ரிமீற்றரில் நின்றால் பள்ளம் 97 ஹேர்ட்ஸில், 30இல் நின்றால் 290இல்.

வரும் விடை இப்படி இருக்கும்: 48இல் மைனஸ் 6 டெசிபெல், கியூ (வெட்டு எவ்வளவு ஒடுக்கம் என்ற எண்) 5, 57இல் மைனஸ் 9, கியூ 6, 95இல் மைனஸ் 4, கியூ 4. நாலைந்து பில்டர் போதும். இருபது வந்தால் வரைபடத்தைத்தான் திருத்துகிறீர்கள், அறையை அல்ல. கோட்டைத் தட்டையாக்கவும் வேண்டாம். 100க்குக் கீழே 4, 5 டெசிபெல் உயர்ந்து நிற்கும் இலக்குத்தான் காதுக்கு இயல்பு. முழுத் தட்டை மெலிந்து கேட்கும்.

பையில் ஓடும் மூட் ஓடியோ என்ற பாட்டு மென்பொருளில், பில்டரை இயக்கும் கமில்லாடிஎஸ்பி உள்ளேயே இருக்கிறது. ‘பீக்கிங்’ வகையில் அலைவெண், கெயின், கியூ மூன்றையும் கையால் எழுதிவிடலாம். கோப்பு 44.1 கிலோஹேர்ட்ஸ் ஆக இருந்தாலும் 96 ஆக இருந்தாலும் அது தானே கணக்குப் பார்க்கும். வேவ் கோப்பாகப் பில்டர் ஏற்றுபவர்கள் ஒவ்வொரு சாம்பிள் வேகத்துக்கும் ஒன்று செய்ய வேண்டும். 48க்குச் செய்ததை 44.1இல் ஓட்டினால் 50இல் விழ வேண்டிய வெட்டு 46இல் விழும். எல்லா அலைவெண்ணையும் ஒரே அளவு தாமதிக்கும் லீனியர் பேஸ் பில்டரென்றால் 65,536 புள்ளிக்கு முக்கால் விநாடி தாமதம்; ரீவியோடு சேர்த்தால் வாயசைவு பிந்தும். தாமதம் மிகக் குறைந்த மினிமம் பேஸ் பில்டரில் அந்தக் கரைச்சல் இல்லை.

பில்டரை ஏற்றிய பின் மறுபடி அளந்தே ஆக வேண்டும். மேடு இறங்காமல் அப்படியே நின்றால், பெரும்பாலும் இடதும் வலதும் மாறியிருக்கும் அல்லது பில்டர் இயங்கவே இல்லை. கூடவே 30 முதல் 120 வரை மெல்ல ஏறும் ஒற்றை ஒலியை ஓட விட்டு வீட்டைச் சுற்றி நடவுங்கள். சீற் ஆணி, அலுமாரிக் கண்ணாடி, யன்னல் கொளுக்கி, எது அதிர்கிறதோ அதை றப்பர் வைத்து இறுக்குங்கள். கிர்கிர் என்ற அந்தச் சத்தத்தை எந்தப் பில்டரும் எடுக்காது.

யன்னல் திறந்ததற்கு ஒன்று, பூட்டியதற்கு ஒன்று என்று இரண்டு அமைப்பைச் சேமித்துவைக்கலாம். கரண்ட் அடிக்கடி நிற்கும் ஊரில் பையின் மெமரி கார்ட் பழுதாவது வழமை என்பதால், அமைப்புக் கோப்பின் பிரதி மடிக்கணினியிலும் இருக்கட்டும். பெரும்போக அறுவடை முடிந்து அதே அறை மூலையில் பத்துப் பன்னிரண்டு நெல்மூட்டை ஏறினால், பழைய பில்டரை அணைத்துவிட்டு ஒன்பது இடத்தையும் திரும்ப அளக்க வேண்டியதுதான்.