ரீஃப் தொட்டியில் கரி: மூன்று மாதம் செய்து பார்த்தது

ரீஃப் தொட்டி என்றால் பவளங்களும் கடல் மீன்களும் வளர்க்கிற உப்புநீர்த் தொட்டி. தினமும் பார்க்கிற தொட்டியில் தண்ணீர் மஞ்சளாவது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் மாற்றும் ஒரு நாளில்தான் எனக்குத் தெரிந்தது. புதிதாக உப்பு கலந்து வைத்திருந்த வெள்ளை வாளிக்குப் பக்கத்தில், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரோடு அதே மாதிரி இன்னொரு வாளி. ஒன்றில் அடி பளிச்சென்று வெள்ளையாகத் தெரிகிறது, மற்றதில் வெந்தயம் ஊறிய தண்ணீர் மாதிரி ஒரு நிறம்.

400 லிட்டர் தொட்டி, கீழே சம்ப் (தண்ணீர் சுற்றி வருகிற துணைத்தொட்டி), இரவும் பகலும் ஓடும் ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கிற கருவி). நைட்ரேட் 10, பாஸ்பேட் 0.06 (லிட்டருக்கு மில்லிகிராம்) என்று அளவுகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆனாலும் சுத்தியல் பவளம் இரண்டு மாதமாகப் பாதிதான் விரிந்தது. அதற்கு ஒரு சாண் மேலே தோல் பவளம் ஒன்று உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்து நிற்கிறது. தோல் பவளம் மாதிரியான மென்பவளங்கள் டெர்பீன் வகை ரசாயனங்களைத் தண்ணீரில் விடும். தொடாமலேயே அக்கம்பக்கத்துப் பவளங்களை ஒடுக்குகிற ஆயுதம் அது. வீட்டில் வைத்திருக்கும் எந்த டெஸ்ட் கிட்டிலும் தெரியாது. மஞ்சள் நிறம், இந்த ரசாயனம் இரண்டையுமே பிடிக்கக்கூடியது ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது நுண்துளைகள் நிறைந்த கரி. அதனால் ஸ்கிம்மரே போதும் என்று இருந்த எண்ணத்தை விட்டுவிட்டு, கரி வாங்கினேன்.

தேங்காய்ச் சிரட்டைக் கரியில் நுண்துளைகள் மிகச் சிறியவை. தண்ணீரை மஞ்சளாக்குகிற பொருள்களோ பெரிய மூலக்கூறுகள். அதனால் பல அளவுகளில் துளை உள்ள நிலக்கரி வகை, அதிலும் அமிலத்தில் கழுவிய கடினமான குருணையைத் தேர்ந்தெடுத்தேன். பள்ளிக்கூடத்தில் பரப்புக் கவர்தல் (பொருள்கள் ஒரு பரப்பில் ஒட்டிக்கொள்வது) என்று படித்தோமே, கரி வேலை செய்வது அப்படித்தான். ஒரு கிராம் கரிக்குள் இருக்கிற துளைகளின் பரப்பையெல்லாம் விரித்தால் 500 சதுர மீட்டருக்கு மேல் வரும்.

போடுவதற்கு முன்னால் ஒரு கைப்பிடியை ஆர்.ஓ. தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் பாஸ்பேட் பார்த்தேன். நிறம் ஏறவில்லை. சில கரிகள் பாஸ்பேட்டைக் கசியவிடும் என்பதால் இந்த ஒரு சோதனையை யாரும் விட்டுவிட வேண்டாம்.

கழுவுவது பொறுமையான வேலை. காய்ந்த கரியில் தண்ணீர் ஊற்றியதும் சர்ர் என்று மெல்லிய சத்தம் வரும். துளைகளிலிருந்து காற்று வெளியேறுகிறது. முதல் தண்ணீர் மை மாதிரி இறங்கியது. ஏழாவது முறை வடித்த தண்ணீரை வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்தபோதும் அடியில் ஒரு சாம்பல் கோடு தங்கியது. ஒன்பதாவதில்தான் தெளிந்தது. இவ்வளவு பார்ப்பதற்குக் காரணம் என் மஞ்சள் டாங் மீன், சர்ஜன் மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. டாங் மீன்களுக்குத் தலையிலும் பக்கவாட்டுக் கோட்டிலும் தோல் அரித்துப் புண் வரும் நோய் உண்டு. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், லிக்னைட் (பழுப்பு நிலக்கரி) வகைக் கரி போட்ட தொட்டியில் வளர்ந்த சர்ஜன் மீன்களுக்கு அந்தப் புண் வந்தது. கரித்தூளை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

முதல் நாள் 200 கிராமை ரியாக்டரில், அதாவது கரிக்குள்ளே தண்ணீரைச் செலுத்துகிற குழாயில், போட்டேன். மூன்றாம் நாள் காலை தொட்டியில் தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவு. பின்பக்கக் கண்ணாடியில் ஒட்டியிருந்த சின்னச் சின்னக் குழாய்ப் புழுக்கள்கூட எண்ணுகிற மாதிரி தெரிந்தன. ஸ்கிம்மர் கோப்பையில் நுரை குறைந்தது.

சந்தோஷம் ஒரு வாரம்தான். மேல்தட்டில் இருந்த மாண்டிபோரா பவளத்தின் ஓரம் வெளுக்க ஆரம்பித்தது. கரியில் ஏதோ விஷம் என்று பயந்து அதை எடுக்கப் போனேன். அப்புறம் உற்றுப் பார்த்தால், விளக்கை நேராகப் பார்க்கிற பக்கம் மட்டுமே வெளுப்பு, நிழல் பக்கத்தில் பழுப்பு அப்படியே இருக்கிறது. மஞ்சள் தண்ணீர் முக்கியமாக நீல ஒளியைத்தான் தின்னும். அந்தத் திரை மூன்றே நாளில் விலகியதால், விளக்கைத் தொடாமலேயே பவளத்துக்கு வெளிச்சம் கூடிவிட்டது. விளக்கை 30 சதவீதம் இறக்கி, நான்கு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். வெளுத்த இடத்தில் நிறம் திரும்ப ஏழு வாரம் ஆனது. ஒரு விரல் நுனி அளவு திசு போயே போய்விட்டது. 50 கிராமில் தொடங்கியிருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம். நீண்ட நாள் கரி போடாத தொட்டிக்கு முதல் தடவை பாதி அளவுகூட அதிகம் என்பது என் கருத்து.

சுத்தியல் பவளம் ஐந்தாம் நாளே முழுதாக விரிந்தது. அந்த வாரம் தண்ணீர் மாற்றவில்லை, வேறு எதையும் தொடவில்லை. அதனால் கரிக்குத்தான் இந்தப் பெயர் சேரும் என்று நினைக்கிறேன்.

இப்போது 80 கிராம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாற்றுகிறேன். ஒரேயடியாக நிறையப் போட்டு மாதக்கணக்கில் விடுவதைவிட இது நல்லது. தெளிவு ஏறி இறங்குவதில்லை. ரியாக்டரில் ஓட்டத்தை, மேல் அடுக்கில் ஒரு சில குருணை மட்டும் லேசாக அசைகிற அளவுக்கு வைத்திருக்கிறேன். எல்லாம் உருண்டால் ஒன்றோடொன்று உரசித் தூளாகும். இடையில் கொஞ்ச நாள் வலைப்பையில் போட்டு சம்பில் வைத்தும் பார்த்தேன். தண்ணீர் பையைச் சுற்றிக்கொண்டு போனதால் பலன் மெதுவாகத்தான் தெரிந்தது. ரியாக்டர் இல்லாதவர்களுக்கு அதுவும் போதும், தண்ணீர் வேகமாக விழுகிற இடத்தில் வைத்தால் சரி.

நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் இந்த மூன்று மாதத்தில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. கரி அவற்றைப் பிடிப்பதில்லை, அதற்குத் தண்ணீர் மாற்றுவதை நிறுத்தவில்லை.

போன வாரம் தோல் பவளம் வருடக்கணக்கில் செய்வது போல மெழுகுத் தோல் உரித்தது. அந்த நாளில் மட்டும் புதுக் கரி கூடுதலாக 40 கிராம் போட்டேன். சுத்தியல் பவளம் ஒரு மாலை சுருங்கி, மறுநாள் காலையில் விரிந்துவிட்டது. தோல் பவளத்தைத் தண்ணீர் வெளியேறும் முனைக்குப் பக்கத்தில், மற்றவற்றுக்குக் கீழ்நீரோட்டத்தில் மாற்றிவைக்க இடம் பார்த்துவிட்டேன். பாறையோடு ஒட்டியிருக்கிறது, மெதுவாகத்தான் பெயர்க்க வேண்டும்.