நான்கு முட்டையும் ஒரு டிப்பரும்

ஏப்ரல் 9

ஆற்றோரம் சரளை அள்ளும் குழிக்குள் காலையில் போனேன். டிப்பர் போகிற தடத்திலிருந்து மூன்றடிகூட இருக்காது, அங்கே பட்டாணி உப்புக்கொத்தி முட்டையிட்டிருக்கிறது. கூடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது, குதிகாலால் அழுத்தின மாதிரி ஒரு பள்ளம், அதில் நான்கு முட்டை, கூர்முனை எல்லாம் உள்பக்கம் பார்த்து. கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால் எது முட்டை எது கூழாங்கல் என்று தெரியவில்லை. தாய்ப் பறவை இறக்கை ஒடிந்ததுபோல் இழுத்து இழுத்து நடந்து என்னை வேறு பக்கம் கூட்டிப்போகப் பார்த்தது. சரி தாயே, போகிறேன்.

ஏப்ரல் 10

சூப்பர்வைசரிடம் சொன்னேன், சிரித்தார். டிப்பர் ஓட்டுகிறவர்தான் இறங்கிவந்து பெரிய கல்லாக நாலு எடுத்துச் சுற்றி வைத்தார். 25 நாள் பொறுத்தால் போதும்.

மே 2

பள்ளம் காலி. பயந்துபோய்த் தேடினால், குஞ்சுகள் பஞ்சுக்குக் கால் முளைத்த மாதிரி ஓடிக்கொண்டிருக்கின்றன.

மே 18

சரளை வெட்டி எடுத்த வெட்டுமுகத்தில் வரிசையாக வளைகள், எல்லாம் கரையில் வளை தோண்டிக் கூடு வைக்கிற தகைவிலான் குருவி. செங்குத்தாக, புதிதாக வெட்டுப்பட்ட கரைதான் வேண்டும் அதற்கு. சரிந்து புல் முளைத்துவிட்டால் பாம்பு ஏறிவிடும். வெள்ளம்தான் இப்படிக் கரையை அறுத்துக் கொடுக்கும், மேலே அணை கட்டின ஆற்றில் அது குறைந்துபோகிறது, அந்த வேலையைப் பொக்லைன் தெரியாமலே செய்திருக்கிறது. குஞ்சு பறக்கும்வரை எதிர்முனையில் தோண்டச் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 21

குழியை ரொம்பப் புகழ்ந்துவிட்டேன் போல. சரளை கழுவின தண்ணீர் தொட்டி நிரம்பி ஆற்றில் இறங்கிவிட்டது. கல்லைப் புரட்டினால் அடியில் வழவழவென்று வண்டல். அந்தக் கல்லிடுக்கில்தான் மீன் முட்டையிடும், பூச்சிப் புழுக்கள் வளரும், வண்டல் அடைத்தால் முட்டைக்கு மூச்சே கிடையாது. எரிச்சலோடு வீடு வந்தேன்.

நவம்பர் 14

தோண்டுவது முடிந்தது. இனி "பசுமையாக்கப்" போகிறார்களாம், எங்கும் மண் கொட்டி மரம் வரிசையாக நடுவதாம்! நிலத்தடி நீர் ஊறி நிற்கிற குழியின் ஓரம் வாளி மாதிரி செங்குத்து, உள்ளான் மாதிரிக் கரையோரம் நடந்து இரை தேடும் பறவைக்குக் கால் வைக்க இடமில்லை. பத்தடிக்கு ஓரடி சரிவாக இழுத்துவிடுங்கள், ஒரு பக்கம் வெறும் சரளையாகவே கிடக்கட்டும் என்றேன். அப்புறம் ஆற்றுக்கும் குழிக்கும் நடுவே இருக்கிற கரை ரொம்ப ஒல்லி. வெள்ளத்தில் உடைந்தால் ஆறே குழிக்குள் புகும், மேல்பக்கத்து ஆற்றுப்படுகை அரித்துக்கொண்டே போகும். இதைக் கேட்டதும்தான் நோட்டை எடுத்தார்கள்.

மார்ச் 27

மண் கொட்டின பக்கம் இடுப்பளவு களை. வெறுமனே விட்ட பக்கம் உப்புக்கொத்தி இரண்டு. வெட்டுமுகம் மழையில் சரிந்துவிட்டது, இனி பொக்லைனும் வராது, தகைவிலான் வருவதற்குள் நானும் இன்னும் இரண்டு பேரும் மண்வெட்டியால் நிமிர்த்திக்கொண்டிருக்கிறோம். ஆறடிதான் முடிந்தது, கை எரிகிறது. மீதி நாளைக்கு.