பாட்டனி செட், 1988–91

டிசம்பர் 1, 2024, ஞாயிறு

எங்கள் காலேஜ் தாவரவியல் வகுப்புத் தோழிகள் மறுபடி கூடுகிற தேதி முடிவாகிவிட்டது: ஜனவரி 19, ஞாயிறு. பொங்கலுக்கு ஊர் வந்தவர்கள் கிளம்புமுன் பிடித்துவிடலாம். இடம் பாளையங்கோட்டை. ஆள் தேடுகிற பொறுப்பு என் தலையில். யார் பெயரையும் இங்கே போடப்போவதில்லை. அன்றைக்கும் ஊரைச் சொல்லித்தான் கூப்பிட்டோம், அதுவே போதும்.

என் வீட்டுக்காரர் தன் காலேஜ் செட்டை ஒரே வாரத்தில் திரட்டியவர். ஆம்பிளைகளுக்கு என்ன, அதே இனிஷியல், பாதிப் பேருக்கு அதே தெரு. எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு அப்பா இனிஷியல் போய்விட்டது. ஃபேஸ்புக்கில் போய்ப் பார்த்தால் பேரன் படம், இல்லையென்றால் ரோஜாப்பூ.

ஆட்டோகிராப் நோட்டை எடுத்தேன். ஒரு முகவரியில் 'நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்', அடுத்ததில் 'சிதம்பரனார் மாவட்டம்'. அந்தப் பெயர்கள் 1997-இல் போயின. 2019-இல் தென்காசியும் தனி மாவட்டமாகிவிட்டது. பின்கோடுதான் நமக்குத் துணை. அப்பா வீட்டு முகவரிகளுக்கே தபால் கார்டு எழுதிப் போட்டேன். இன்னும் 50 காசுதான்!

டிசம்பர் 7, சனி

முதல் கார்டு களக்காட்டில் வேலை செய்தது. அண்ணன் மகன் படித்துவிட்டு அத்தைக்குச் சொல்லியிருக்கிறான்.

"ஏட்டி, உயிரோடதான் இருக்கியா?"

வீட்டுக்காரர் காலமான பிறகு வாழைக்காய் மண்டியை அவளே நடத்துகிறாள். பேச்சு நடுவில், "ஏத்தன் குலையை அடியில அடுக்காதீயன்னு சொன்னேம்லா!" என்று யாரையோ ஒரு சத்தம். பிராக்டிகலில் பிளேடு பிடிக்கக் கை நடுங்கினவள்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை தீபம். வாசலில் ஒரு விளக்கு நிற்கவில்லை, அப்படி மழை. ஆற்றில் வெள்ளம் என்றதும் ஸ்ரீவைகுண்டத்துக்காரி காலையிலிருந்து குரூப்பை விட்டு நகரவில்லை. பயப்படாமல் என்ன செய்வாள்? போன வருஷம் 17-ஆம் தேதி அவள் வீட்டில் ஜன்னல் மட்டத்துக்குத் தண்ணீர். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை அது. எங்கள் வகுப்புப் போட்டோ கரைந்து வெறும் அட்டை ஆகிவிட்டதாம். யாரிடமாவது பிரதி இருந்தால் ஒன்று அவளுக்கு.

டிசம்பர் 17, செவ்வாய்

மாஞ்சோலைக்காரியைப் பார்க்கக் கல்லிடைக்குறிச்சி போனேன். அம்மாவும் அவளும் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று எஸ்டேட் பெயர்களை எங்களுக்கு மனப்பாடம் ஆக்கியவள் அவள். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் தேயிலைக் கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த மலை. குத்தகை முடிய இன்னும் நாள் இருக்க, இந்த வருஷம் விருப்ப ஓய்வு என்று எல்லோரிடமும் எழுதி வாங்கினார்கள். விருப்பமாம்!

அம்மா எனக்குச் சர்க்கரை போடாத கட்டன் சாயா கொடுத்தார்கள். கொழுந்து கிள்ளிக் கிள்ளிப் பெருவிரல் ஓரம் கறுத்துத் தடித்திருக்கிறது. வரும்போது ஒரு தேயிலைக் கன்றைப் பெயின்ட் வாளியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. அதற்குப் புளிப்பு மண் வேண்டும், குளிர் வேண்டும், மலை மழை வேண்டும். நானும் அவளும் வாளியைச் சுற்றிக் குத்தவைத்து உட்கார்ந்து, காப்பித்தூள் சக்கை போடலாமா, நிழலுக்கு மாற்றலாமா என்று யோசித்தோம்.

"ரெண்டு பேரும் பாட்டனி படிச்சு என்னத்துக்குட்டி?" என்றாள்.

1999 ஜூலை 23 பற்றி நான் கேட்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்த, கொக்கிரகுளம் ஆற்றங்கரையில் அன்று போன 17 உயிர்கள் அவளுக்குப் பேப்பர் செய்தி இல்லை. 19-ஆம் தேதி வருகிறாள். அம்மாவையும் கூட்டி வரச் சொன்னேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

உவரிக்காரியின் தம்பி பேசினார். அக்கா 2021-இல் கொரோனாவில் போய்விட்டார்களாம். கார்டை அம்மா வாங்கி வைத்துக்கொண்டார்களாம். வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜனவரி 3, 2025, வெள்ளி

கடையநல்லூர்க்காரி மகள் பேறுகாலத்துக்குத் துபாய் போனவள், 17-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் இறங்குகிறாள்.

வீரவநல்லூர்க்காரி நம்பரில் அவள் வீட்டுக்காரர். "எதுக்கு? என்ன விஷயம்?" கூடப் படித்தவள் என்றேன். "சரி, அதுக்கு?" கட் செய்துவிட்டார்.

சாப்பாட்டுச் சண்டை ஒருவழியாகத் தீர்ந்தது. சென்னைக் கோஷ்டிக்குப் பிரியாணி வேண்டுமாம். அதற்கா இவ்வளவு தூரம் ரயில் ஏறி வருகிறார்கள்? எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் குழம்பு, சொதிதான். மூன்றாம் பாலில் காய் வேகவேண்டும், தலைப்பால் கடைசியில், அதற்குமேல் கொதிக்கவிடக் கூடாது. கூட இஞ்சித் துவையல், உருளைக்கிழங்குப் பொரியல். தேங்காய் விற்கிற விலையைச் சொல்லிச் சமையல்காரர் தவசிப்பிள்ளை இழுத்தார். தண்ணிச் சொதி ஊற்றினால் காசு கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 11, சனி

வீரவநல்லூர்க்காரி, மகள் போனிலிருந்து!

"அவ்வொ போகாதன்னு சொல்லலட்டி. எதுக்குன்னு கேட்டதுக்கு நீ ஒழுங்காப் பதில் சொல்லலையாம், அதான் கோவம். அவ்வொளையும் கூட்டிட்டு வரலாமா?"

குரூப்பில் ஒரே ரகளை. வீட்டுக்காரர்கள் கூடாது என்பது முதல் நாளே போட்ட தீர்மானம். கேட்டில் இறக்கிவிட்டு வ.உ.சி. மைதானத்துப் பக்கம் உலாத்திக்கொண்டிருக்கட்டும் என்று களக்காட்டுக்காரி குரல் செய்தி போட்டாள். அவள் குரலுக்கு எதிர்ப்பேச்சு ஏது?

சாயங்காலம் தவசிப்பிள்ளை இலைக்கணக்கு கேட்டார். அந்த மனுஷனுக்கும் சேர்த்தே சொன்னேன். எல்லாரும் எழுந்த பிறகு கடைசிப் பந்தியில் உட்காரட்டும்.