கார்த்திகை ஒண்ணாம் தேதி, நியூஜெர்சி

"தாடியை எடுத்துட்டு வா, இல்லேன்னா கொஞ்ச நாளைக்குப் பின்பக்கம் லாண்டரியில் வேலை பார்" என்று மேலாளர் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை, முதலில் புரியவே இல்லை. ஹோட்டலில் வரவேற்பு மேசை வேலை. துளசி மாலை சட்டைக்குள்ளே இருந்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை, தாடி பட்டுவிட்டது. ஐயப்பனுக்கு விரதம், மலைக்குப் போகும் வரை சவரம் கிடையாது என்று சொன்னேன். "போன மாசம் வரைக்கும் மழுமழுன்னு வந்தியே, இப்ப திடீர்னு என்ன மதம்?" என்றார்.

மாயவரத்துக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது? கார்த்திகை பிறந்தால் ஊரில் பாதிப் பேர் சாமி. பேங்க் கவுண்டரில் கறுப்பு வேட்டி, பள்ளிக்கூடத்தில் வெறுங்கால், பஸ்ஸில் கண்டக்டர் "சாமி, உள்ளே போங்க சாமி, படியில நிக்காதீங்க சாமி" என்று தொண்டை கிழியக் கத்துவார். எங்கள் கணக்கு வாத்தியார் மாலை போட்டால் அந்த மண்டலம் முழுக்க யாருக்கும் அடி கிடையாது. மாலை போட்ட பையன் வீட்டுக்கணக்கு போடாமல் வந்தால், "ஏன் சாமி, இப்படிப் பண்றீங்க சாமி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பார். யாரும் எந்த அலுவலகத்திலும் அனுமதி கேட்டதாக நினைவில்லை.

லாண்டரியில் செனகல் நாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். வருடம் முழுக்கத் தாடி வைத்திருப்பவர், தொழுகைக்கு இடைவேளை கேட்டு வாங்கியவர். "வாயால் பேசாதே, எழுதிக் கொடு. இந்த மாநிலத்தில் அதற்குச் சட்டம் இருக்கிறது" என்றார். அன்றிரவு உட்கார்ந்து படித்தேன்.

அமெரிக்கா முழுமைக்குமான 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டம் பதினைந்து பேராவது வேலை பார்க்கும் இடத்துக்குத்தான் பொருந்தும். எங்கள் ஹோட்டலில் அத்தனை பேர் இல்லை. ஆனால் நியூஜெர்சியின் பாகுபாட்டுத் தடைச் சட்டம் அதற்கும் முன்னால், 1945இலேயே வந்தது, அதற்கு ஆள் கணக்கெல்லாம் கிடையாது, ஒரே ஒரு ஆள் வேலை பார்த்தாலும் சரி. வேலையில் நீடிக்க வேண்டுமென்றால் மத வழக்கத்தை விடு என்று நிபந்தனை போடக் கூடாது என்பதை 2008இல் இன்னும் விரிவாகச் சேர்த்திருக்கிறார்கள். நல்ல மனதோடு முயன்றும் முடியவில்லை, தொழிலுக்குப் பெரிய சிரமம் என்று முதலாளிதான் காட்ட வேண்டும். நாடு முழுமைக்குமான அந்த 1964 சட்டத்திலும் சிரமம் என்பது ஏதோ சில்லறைச் செலவாக இருந்தால் போதாது, கணிசமாக இருக்க வேண்டும் என்று பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவின் தபால் ஊழியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வேலையை மறுத்த வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அடுத்தவருக்கு அந்த மதத்தின் மேல் இருக்கும் வெறுப்பைச் சிரமக் கணக்கில் சேர்க்கவே கூடாதாம். விரதம் சாஸ்திரத்தில் இருக்கிறதா, போன மாதம் இருந்ததா என்பதல்ல கேள்வி, மனப்பூர்வமானதா என்பதுதான். கலிபோர்னியா ஒரு படி மேலே போய், மத அடையாளத்துக்காக ஊழியரைப் பொதுமக்கள் கண்ணில் படாமல் ஒதுக்கி வைப்பது அவருடைய மத வழக்கத்துக்கு இடம்கொடுக்கும் ஏற்பாடே ஆகாது என்று எழுதியே வைத்திருக்கிறது. அதைப் படித்தபோதுதான் எனக்குக் கோபமே வந்தது.

மேலாளருக்கும் உரிமையாளருக்கும் மின்னஞ்சல் போட்டேன். மறுத்தால் மாநில சிவில் உரிமைப் பிரிவில் 180 நாளுக்குள் புகார் கொடுக்கலாம் என்பதும் தெரிந்திருந்தது, அதை எழுதவில்லை. உரிமையாளர் யாரையோ கலந்துபேசிவிட்டு, "தாடியை ஒழுங்காக வாரிக்கொண்டு வந்தால் போதும்" என்று மேசையிலேயே இருக்கச் சொன்னார். மேலாளர் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊரிலிருக்கும் குருசாமிக்குப் போன் போட்டால் அவருக்கு என் காலைப் பற்றித்தான் கவலை. "பனியில வெறுங்காலோட நடன்னு ஐயப்பன் கேக்கலை சாமி, பேசாம ஷூவைப் போட்டுக்குங்க" என்றார்.

இப்போது இந்த ஊர் பழகிவிட்டது. வெந்நீர்க் குழாயைத் திருப்பினால் விடியற்காலைக் குளியல் முடிந்தது. ஆனால் கார்த்திகை ஒண்ணு என்றால் மாயவரத்துக் காவிரிப் படித்துறையான துலாக்கட்டம்தான் கண்முன் வந்து நிற்கிறது: கலங்கல் தண்ணீர், வழுக்குகிற படி, தலைமுழுகி எழுந்ததும் ஈரத்தோடு கழுத்தில் விழும் மாலை. அன்றுதானே முடவன் முழுக்கு. ஐப்பசிக்குள் காவிரியில் முழுகிவிட வேண்டும் என்று கிளம்பிய முடவன் நடக்க மாட்டாமல் ஒரு நாள் பிந்தி வந்தான், அவனுக்காக இறைவன் ஒரு நாளைக் கூட்டிக் கொடுத்தார். ஆயிரமானாலும் மாயூரமாகாது என்று சும்மாவா சொன்னார்கள்? விதி விதியாகவே இருக்கட்டும், இந்த ஆளுக்கு என்ன செய்யலாம் என்று பார்த்த ஊர் அது.

இதைக் கூத்தாநல்லூர் நண்பனிடம் சொன்னேன். கும்பகோணத்தில் ஒரு பெரிய கடையில் வேலை பார்க்கிறான். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போய் வரும் நேரத்துக்கு அவனுக்குச் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். முகூர்த்த நாள் கூட்டம் இருந்தால் போகவே விடுவதில்லை. அதே கடையில் மாலை போட்ட சாமிகளுக்குச் சாயங்காலப் பூஜைக்குச் சீக்கிரம் கிளம்ப அனுமதி உண்டு, யாரும் பிடித்தம் செய்வதில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "சரி மாப்ள, நான் யார்கிட்ட எழுதிக் கொடுக்கறது?" என்றான்.

அரசு வேலையென்றால் மதத்தின் பேரால் பாகுபாடு கூடாது என்று அரசியலமைப்பின் 16ஆவது பிரிவைக் காட்டலாம். தனியார் கடைக்கு நீட்டிக் காட்ட அப்படியொரு பொதுச் சட்டம் நம்மிடம் இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டியிருந்தது. சட்டமன்றத்தில் யாராவது இதை எழுப்ப வேண்டும், அதுவரை முதலாளியிடம் எழுத்தில் கேள், முடியாதென்றால் அதையும் அவர் எழுத்திலேயே சொல்லட்டும் என்றேன். கடிதத்தை இரண்டு பேருமாகப் போனிலேயே எழுத ஆரம்பித்திருக்கிறோம், வருகிற வெள்ளிக்கு முன்னால் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான்.