எழும்பு மச்சான், ஒண்டும் இல்லை

2023 ஜனவரி 3, செவ்வாய்க்கிழமை காலை. திருவெம்பாவைக் காலம். விடியப்புறம் சங்கும் சேமக்கலமும் ஊரைச் சுற்றி ஓய்ந்து, கோயில் பொங்கலும் கடலையும் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தன. கனடாவின் ஸ்காபரோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த தங்கச்சியின் மகன் விறாந்தையில் என் பக்கத்தில் இருந்து போனில் அமெரிக்கன் ஃபுட்போல் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது. அங்கே திங்கள் இரவு எட்டரை, எங்களுக்குக் காலை ஏழு. சின்சினாட்டியில் பஃபலோ பில்ஸுக்கும் சின்சினாட்டி பெங்கால்ஸுக்கும் ஆட்டம்.

ஆட்டம் தொடங்கி அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. டமார் ஹாம்லின் என்ற பஃபலோ வீரர், பந்தோடு ஓடி வந்தவரை மறித்து விழுத்தினார். இருவரும் விழுந்தார்கள். ஹாம்லின் எழும்பினார், ஓர் அடி வைத்தார், அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்தார்.

"மாமா, அவர் எழும்பேல்லை."

நான் பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டே சொன்னேன்: "கொஞ்சத்தில எழும்புவான், பார்."

அந்தச் சொற்கள் எனக்கு எங்கே இருந்து வந்தன என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். யோசித்துச் சொன்ன சொற்கள் இல்லை அவை. சின்ன வயதிலிருந்து மைதானத்தில் சொல்லியும் கேட்டும் பழகிப்போன வாய் அது.

அவர் எழும்பவில்லை. இதயம் நின்றுவிட்டது. அணியின் மருத்துவ உதவியாளர் டென்னி கெலிங்டன் புற்தரையிலேயே நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். சுற்றிவர மற்ற வீரர்கள் முழங்காலில் இருந்து அழுதார்கள். நூற்றைம்பது கிலோ மதிக்கக்கூடிய ஆட்கள் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். மருமகன் போனை என் கையில் தந்துவிட்டு உள்ளே போய் அம்மம்மாவின் மடியில் இருந்துவிட்டான். அந்த ஆட்டம் திரும்ப நடக்கவே இல்லை.

ஹாம்லின் பிழைத்தார். இதயம் துடிக்கிற ஒழுங்கில் ஒரு நொடியின் சிறு பங்கு இருக்கிறதாம். சரியாக அந்த நேரத்தில் நெஞ்சில் அடி விழுந்தால் துடிப்புக் குழம்பி நின்றுபோகலாம். கிரிக்கெட் பந்து பட்டாலும் அது நடக்கலாம். மிக அரிதான விபத்து. இரண்டு மூன்று நாளில் அவருக்கு நினைவு திரும்பியது. தொண்டையில் குழாய் இருந்ததால் பேச முடியாமல் ஒரு தாளில் எழுதிக் கேட்டாராம்: நாங்கள் வென்றோமா?

அந்தச் செய்தியை வாசித்தபோதுதான் எனக்கு மனம் உடைந்தது. அதே கேள்வியை 2003இல் ஒரு மோட்டார் சைக்கிளில் இருந்து என் காதால் கேட்டிருக்கிறேன்.

சமாதானக் காலம் அது. வடமராட்சியில் ஒவ்வொரு வார இறுதியிலும் எங்காவது ஓர் ஊரில் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி. நான் எங்கள் கழகத்தின் தலைவன், பின்களத்தில் விளையாடுவேன். பக்கத்து ஊரோடு இறுதிப்போட்டி. ஒன்றுக்கு ஒன்று. முடிய ஒரு பத்து நிமிடம் இருக்கும்போது எங்கள் கோல்காப்பாளர், என் பள்ளிக்கூட நண்பன், பந்துக்குப் பாய்ந்து கோல் கம்பத்தில் தலையை அடித்துக்கொண்டான். சத்தம் எனக்குக் கேட்டது. தேங்காய் விழுகிற சத்தம். கண் மேலே செருகி, கை விறைத்துப்போய்க் கிடந்தான். யாரோ சோடா உடைத்து முகத்தில் அடித்தார்கள். ஒருவர் மூக்கடியில் சித்தாலேப பூசினார். நான் அவன் கன்னத்தில் தட்டிச் சொன்னேன்: "எழும்பு மச்சான், ஒண்டும் இல்லை. இன்னும் பத்து நிமிசம்தான்."

எழும்பினான். ஆட்டம் சமநிலையில் முடிந்து பனால்டி வரைக்கும் போனது. இரண்டு உதை பிடித்தான். வென்றோம். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தோம்.

திரும்பி வரும்போது என் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்தான். சந்தி கழிந்ததும் கேட்டான், "மச்சான், நாங்கள் வெண்டிட்டமோ?" சொன்னேன். பாலத்தடியில் திரும்பவும் கேட்டான். வீட்டுப் படலையில் இறங்கும்போது மூன்றாவது தடவை. நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். அதற்குப் பிறகு எத்தனை கலியாண வீட்டில், எத்தனை பேருக்கு அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன்! அவனும் சேர்ந்து சிரிப்பான். அந்த மாதம் முழுவதும் வெயிலில் நிற்க முடியாமல் தலையிடி என்று அவன் அறையைப் பூட்டிக்கொண்டு கிடந்ததை மட்டும் கதையில் சேர்க்கவே மாட்டோம்.

ஹாம்லின் விழுந்த பிறகு நான் இரவிரவாக வாசிக்கத் தொடங்கினேன்.

மைக் வெப்ஸ்டர் என்றொருவர். பிற்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்காக, அமெரிக்கன் ஃபுட்போலின் இறுதிக் கோப்பையான சூப்பர் போலை நான்கு தடவை வென்றவர், மொத்தம் 17 பருவங்கள் ஆடியவர். அவர் நின்ற இடம் நடுவில். பந்தைக் கால்களுக்கிடையால் பின்னே கொடுத்த அதே நொடியில் எதிரே நிற்பவனோடு மோதவேண்டும். வாகனம் மோதுவதைப் போன்ற பெரிய அடிகள் அல்ல, ஒவ்வொரு தடவையும் ஒரு நடுத்தர அடி. ஓர் ஆட்டத்தில் 60 தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் விழுவது தனிக் கணக்கு. ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு நினைவு தடுமாறியது, குடும்பம் கலைந்தது, தன் பிக்கப் வாகனத்துக்குள் படுத்துறங்கித் திரிந்தார். 2002இல், 50 வயதில் இறந்தார்.

அவருடைய உடலைப் பரிசோதித்தவர் பெனட் ஒமாலு என்ற நைஜீரிய மருத்துவர். வெளியே பார்க்க மூளை சாதாரணமாகத்தான் இருந்தது. அவர் அதோடு விடாமல் மெல்லிய துண்டுகளாக வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தார். டவ் என்கிற புரதம் திட்டுத்திட்டாகப் படிந்து கிடந்தது. 2005இல் அதை அவர் மருத்துவ இதழில் எழுதினார். தொழில்முறை ஃபுட்போல் போட்டிகளை நடத்தும் என்எஃப்எல் நிறுவனத்தின் குழுவில் இருந்த மருத்துவர்கள் அந்தக் கட்டுரையையே திரும்பப் பெறச் சொன்னார்கள். தலையடிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்று நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 2016 வரை ஆனது. மூளை மெல்ல மெல்லச் சிதைகிற இந்த நோயைச் சிரிஇ (CTE) என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். உயிரோடு இருக்கும்போது அதை உறுதிப்படுத்த இன்னும் வழியில்லை, இறந்த பிறகு மூளையைத் திறந்துதான் பார்க்கவேண்டும்.

டேவ் டியூர்சன் என்ற இன்னொரு முன்னாள் வீரர் 2011இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டபோது தன் மூளையை ஆய்வுக்குக் கொடுக்கச் சொல்லி எழுதிவைத்துவிட்டுப் போனார். தனக்குள் என்ன நடக்கிறது என்று அந்த மனுசனுக்கு விளங்கியிருக்கிறது. அவருக்கும் வயது 50. போஸ்டன் பல்கலைக்கழகம் 2017இல் வெளியிட்ட ஆய்வில், என்எஃப்எல் ஆடிய 111 பேரின் மூளைகளில் 110இல் அந்த நோய் இருந்தது. சந்தேகம் இருந்த குடும்பங்களே பெரும்பாலும் மூளையைக் கொடுத்தன என்பதால், ஆடிய எல்லோருக்கும் இதே விகிதம் என்று எடுக்கக்கூடாது. அதைத் தெரிந்துகொண்டும் அந்த எண்ணை நான் இரண்டு தடவை வாசித்தேன்.

தலைக்கவசம் போட்டிருக்கிறார்கள்தானே என்று மருமகன் கேட்டான். எல்லோருக்கும் வருகிற கேள்வி. அம்மம்மாவின் குசினியில் இருந்து ஒரு கொப்பறாத் தேங்காயை எடுத்து அவன் காதுக்குப் பக்கத்தில் பிடித்து ஆட்டிக் காட்டினேன். சிரட்டையில் ஒரு கீறல் இல்லை, உள்ளே பருப்பு கழன்று ஆடுகிறது. கவசம் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே மூளை ஆடுவதை அது நிறுத்தாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. பாதிக்கப்பட்ட வீரர்கள் வழக்குப் போட்டு, 2015இல் நீதிமன்றம் ஓர் இழப்பீட்டு ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. அதன்படி நினைவாற்றல் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று சோதிக்கும்போது, கறுப்பின வீரர்களின் அறிவுத்திறன் ஆரம்பத்திலேயே கொஞ்சம் குறைவு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதனால் ஒரே புள்ளி எடுத்த வெள்ளையருக்குக் காசு கிடைக்கும், கறுப்பருக்குக் கிடைக்காமல் போகலாம். கெவின் ஹென்றி, நஜே டாவென்போர்ட் என்ற இரண்டு முன்னாள் வீரர்கள் 2020இல் இதை எதிர்த்து நீதிமன்றம் போன பிறகுதான் 2021இல் அதைக் கைவிடுவதாக நிறுவனம் சொன்னது. பல்கலைக்கழக அனுமதியில் தமிழ் மாணவருக்கு வெட்டுப்புள்ளியை உயர்த்திய தரப்படுத்தல் என்ற சொல்லை யாழ்ப்பாணத்தில் கேட்டு வளர்ந்த எவருக்கும் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்த வீரர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். உடம்பைக் கொடுக்கும்போது யாரும் அவர்களுக்குப் புள்ளி குறைக்கவில்லை.

இப்போது நான் விளையாடுவதில்லை. ஊர்ப் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறேன். போன வருடம் ஓர் இறுதிப்போட்டியில் இரண்டு பெடியள் ஒரு பந்துக்கு எழும்பி மண்டையோடு மண்டை மோதினார்கள். ஒருவன் உடனே எழும்பிவிட்டான். மற்றவன் கொஞ்ச நேரம் புல்லைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். போய்க் குந்தி இருந்து, "தம்பி, இப்ப ஸ்கோர் என்ன?" என்று கேட்டேன். இரண்டுக்கு ஒன்று என்றான். உண்மையில் கோல் எதுவும் விழவில்லை.

வெளியே போகச் சொன்னேன். "எனக்கு ஒண்டுமில்லை ரெஃபரி" என்று அழுதான். அவர்கள் மாற்று வீரர்களை எல்லாம் இறக்கி முடித்திருந்தார்கள். பத்துப் பேரோடு ஆடி, கடைசி நிமிடங்களில் கோல் வாங்கித் தோற்றார்கள். வேலிக்கு வெளியே நின்ற சனம் என்னைப் பேசாத பேச்சில்லை. பெடியனின் தகப்பன் என் மோட்டார் சைக்கிளை மறித்துக்கொண்டு, "உன்னாலதான் என்ர பிள்ளை அழுதவன்" என்றார். பெடியனுக்குப் பிறகு ஒன்றும் ஆகவில்லை, அடுத்த மாதமே வந்து விளையாடினான். நான் ஆட்டத்தைக் கெடுத்தேன் என்று இன்றைக்கும் அந்த ஊரில் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

மருமகனுக்கு இப்போது பதினாறு. மாமா உயரத்தைத் தாண்டிவிட்டான், தோள் அகலம். பள்ளி ஃபுட்போல் அணியில் லைன்மேனாக, முன்வரிசையில் நின்று மோதுகிறவனாக, சேர்ந்திருக்கிறான். கனடாவில் அணிக்குப் பன்னிரண்டு பேர், விதிகள் கொஞ்சம் வேறு. ஆனால் அவன் நிற்கிற இடம் வெப்ஸ்டர் நின்ற வரிசைதான். யாரும் ஆட்டத்தை நிறுத்திப் பார்க்காத அந்த நடுத்தர அடிகள் விழுகிற இடம். பெரிய அடிகள் எத்தனை என்பதைவிட, வாழ்நாளில் விழுந்த எல்லா அடிகளின் மொத்தப் பாரம்தான் முக்கியம் என்று பிந்திய ஆய்வுகள் சொல்கின்றன. ஹாம்லின் விழுந்தபோது நான் அவனுக்குப் பக்கத்தில் இருந்தேன். இவனுக்கு விழுகிறவற்றை எண்ண யாரும் பக்கத்தில் இருக்கப்போவதில்லை.

போன கிழமை தங்கச்சி வாட்ஸ்அப்பில் ஒரு படிவத்தை அனுப்பினாள். 2013இல் ஒட்டாவாவில் பள்ளி றக்பி விளையாடி, சில நாட்களுக்குள் திரும்பத் திரும்பத் தலையில் அடிபட்டு இறந்துபோன ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயது மாணவியின் பெயரில் ஒன்ராறியோவில் 2018இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வொரு வருடமும் பிள்ளையும் பெற்றாரும் தலையடி பற்றிய குறிப்பை வாசித்ததாக உறுதிசெய்யவேண்டும். சந்தேகம் இருந்தாலே பிள்ளையை வெளியே எடுக்கவேண்டும். நல்ல சட்டம். எங்களிடமும் இருந்தால் அந்தத் தகப்பனுக்கு நான் அதைக் காட்டியிருப்பேன்.

"அண்ணா, நான் சைன் பண்ணட்டோ?" என்று கேட்டாள்.

பண்ணாதே என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அந்த அணி அவனுக்கு என்ன என்று எனக்குத் தெரியும். வேறு நிறம், வேறு பாசை பெடியள் அவன் பெயரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்ட இடம் அது. எங்கள் கழகம் எனக்கு எப்படியோ, அப்படி. அவன் டிசம்பரில் வருவான், நேரில் கதைக்கிறேன், அதுவரை தலையிடித்தால் மறைக்காமல் சொல்லச் சொல்லு என்று மட்டும் சொன்னேன்.

பிறகு கோல்காப்பாளரின் வீட்டுக்குப் போனேன். மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான். விசயத்தைச் சொல்லி, "மருமகன் வந்தால் அந்த ஃபைனல் கதையை நீ ஒருக்கா அவனுக்குச் சொல்லோணும் மச்சான், பகிடியாய் இல்லாமல்" என்றேன்.

அவன் வைக்கோல் கட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"எனக்கு அந்த மட்ச்சில ஒண்டும் ஞாபகம் இல்லையே. நீதானே எனக்கே சொன்னனீ. நீ சொல்லு."