எஞ்சின் குறுக்கே கிடக்கிறதா, நெடுக நிற்கிறதா?

பழைய கார் ஒன்றை விலை பேசப் போகும்போது பெயின்ட், டயர், ஓடிய கிலோமீட்டர் எல்லாவற்றுக்கும் முன்னால் பானெட்டைத் திறந்து எஞ்சின் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். பம்பருக்கு இணையாகக் குறுக்கே கிடந்தால் ஒரு வகைச் செலவு. முன் கண்ணாடியை நோக்கி நெடுக நின்றால் வேறு வகைச் செலவு. எந்தச் சத்தம் வரும், எங்கே ஆயில் கசியும், மலையில் எப்படி ஏறும், வழியில் நின்றுபோனால் எப்படி இழுத்துப் போவது எல்லாமே இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு மூடியிருந்தால் பெல்ட்டைத் தேடுங்கள். ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட் ரேடியேட்டர் பக்கம் இருந்தால் எஞ்சின் நெடுக. ஒரு முன்சக்கரத்தின் பக்கம் இருந்தால் குறுக்கே. அடுத்து, பின்னால் போய்க் குனிந்து பாருங்கள். பின் ஆக்சிலின் நடுவில் பூசணிக்காய் மாதிரி ஒரு ஹவுசிங்கும் அதற்குள் போகும் நீளமான ஷாப்டும் தெரிந்தால் பின்சக்கரங்களுக்கும் விசை போகிறது. உள்ளே தரையின் நடுவில் மேடு இருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிட வேண்டாம். சைலன்சர் குழாய் போகவும் தரைக்கு உறுதி கொடுக்கவும் முன்சக்கர இழுவைக் கார்களிலும் அந்த மேட்டை வைக்கிறார்கள்.

நம் சாலைகளில் இந்த மாற்றம் தெளிவாகத் தெரிந்த வருடம் 1983. அதுவரை ஓடிய அம்பாசடர், ஃபியட் (பத்மினி) இரண்டிலும் எஞ்சின் நெடுக இருக்கும். விசை பின்சக்கரங்களுக்குப் போகும். அந்த டிசம்பரில் வந்த மாருதி 800, 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சினைக் குறுக்கே போட்டு முன்சக்கரங்களை ஓட்டியது. யோசனை என்னவோ அதற்கு முன்பே வந்ததுதான். அலெக் இஸ்ஸிகோனிஸ் வடிவமைத்து 1959-இல் வந்த மினியில் எஞ்சின் குறுக்கே இருந்தது, ஆனால் கியர் பாக்ஸ் சம்ப்புக்குள் (எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இருந்ததால் எஞ்சினுக்கும் கியருக்கும் ஒரே ஆயில். 1964-இல் டான்டே ஜியகோசாவின் ஆட்டோபியாங்கி ப்ரிமுலா கியர் பாக்ஸை எஞ்சினின் முனையில் ஒட்டி, ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் இரண்டு டிரைவ் ஷாப்ட் கொடுத்தது. இன்று ஓடும் பெரும்பாலான சிறிய கார்கள் இந்த இரண்டாவது வழியில் வந்தவை.

ஒரே எஞ்சினை இரண்டு விதமாகவும் உட்கார வைக்கலாம். 800-இல் குறுக்கே இருந்த அதே எஃப்8பி எஞ்சின், ஆம்னியில் முன் சீட்டுக்கு அடியில் நெடுகப் படுத்துப் பின்சக்கரங்களை ஓட்டியது. பின்னாளில் கே15பி எஞ்சின் சியாஸிலும் எர்டிகாவிலும் குறுக்கே இருந்தது, ஜிம்னியில் நெடுக. இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு உதிரிபாகம் வாங்கும்போது எஞ்சின் பெயரைச் சொல்லி வாங்கினால் ஏமாந்து போவோம். உள்ளே போகும் பாகங்களில் பல ஒத்துப்போகும். மவுண்டிங், கியர் பாக்ஸ், ரேடியேட்டர் ஹோஸ் என்று சுற்றியிருப்பவை ஒத்துப்போகாது. வண்டியின் பெயரையும் வருடத்தையும் சொல்லுங்கள், முடிந்தால் சேசிஸ் நம்பரையும்.

இரண்டு அமைப்புக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் ஒரு திருப்பத்தில் இருக்கிறது. நெடுக நிற்கும் எஞ்சினின் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) வண்டியின் நீளவாக்கில் சுழல்கிறது. சக்கரமோ குறுக்குவாக்கில் சுழல வேண்டும். அந்த 90 டிகிரியைத் திருப்புவது பின் ஆக்சிலில் இருக்கும் கிரவுன் பினியன் என்ற பல்சக்கர ஜோடி. அதில் பற்கள் உருள்வதோடு நிற்காமல் ஒன்றின் மேல் ஒன்று கடுமையாக வழுக்கவும் செய்கின்றன. அதனால்தான் அதற்கு ஜிஎல்-5 என்ற தர கியர் ஆயில் கேட்கிறார்கள். குறுக்கே கிடக்கும் எஞ்சினில் கிராங்க், கியர், சக்கரம் மூன்றும் ஒரே வாக்கில் சுழல்வதால் திருப்பமே தேவையில்லை. சாதாரண சாய்பல் கியர் போதும், விசை இழப்பும் குறைவு. அந்த கியர் பாக்ஸுக்குப் பெரும்பாலும் ஜிஎல்-4 தான் சொல்லியிருப்பார்கள். "5 தானே உசத்தி" என்று அதில் ஜிஎல்-5 ஊற்றினால், சில ஜிஎல்-5 ஆயில்களில் இருக்கும் கந்தகச் சேர்மானம் கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை சிங்க்ரோ ரிங்கை அரிக்கும். முதலில் இரண்டாவது கியர் கரகரக்கும், பிறகு எல்லாமே. மேனுவலில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் ஊற்றுங்கள். ஆடி ஏ4 போல, எஞ்சின் நெடுக இருந்தும் முன்சக்கரத்தை ஓட்டும் வண்டிகளில் 90 டிகிரி திருப்பம் கியர் பாக்ஸுக்குள்ளேயே வந்துவிடுகிறது. அவற்றில் கம்பெனி சொன்ன ஆயிலைத் தவிர வேறெதையும் நினைக்கவே கூடாது.

முன்சக்கர இழுவை வண்டியில் முதலில் காட்டிக்கொடுப்பது டிரைவ் ஷாப்டின் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வைத்துவிட்டு சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடியுங்கள். மடிப்பு விரியும்போதுதான் வெடிப்பு கண்ணில் படும். ரிம்மின் உள்பக்கம் கறுப்பு கிரீஸ் வட்டமாகத் தெறித்திருந்தால் பூட் கிழிந்து நாளாகிவிட்டது. சத்தம் வருவதற்கு முன்பே பார்த்துவிட்டால் ஜாயின்ட்டைக் கழற்றி, டீசலில் கழுவி, நன்றாக உலர்த்தி, பூட் கிட்டோடு வரும் கிரீஸ் பாக்கெட் முழுவதையும் அடைத்து, புது கிளாம்ப் போட்டு மாட்டிவிடலாம். ஹப் நட்டையும் புதிதாகவே போடுங்கள். ஷாப்டை கியர் பாக்ஸிலிருந்து இழுத்தால் கியர் ஆயில் ஒழுகும். அந்த ஆயில் சீலையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது. சின்ன சீலை மிச்சப்படுத்திவிட்டு அடுத்த மாதம் மறுபடி எல்லாவற்றையும் கழற்றுபவர்கள் நிறைய பேர். முழுத் திருப்பத்தில் "டக் டக் டக்" என்று கேட்டால் சக்கரத்துப் பக்கம் இருக்கும் வெளி ஜாயின்ட்டில் குண்டுகள் ஓடும் தடம் தேய்ந்துவிட்டது; கிரீஸ் அடைத்து இனிப் பயனில்லை. நேராகப் போகும்போது ஆக்சிலேட்டரை மிதித்தால் மட்டும் வண்டி அதிர்ந்தால் சந்தேகம் கியர் பாக்ஸ் பக்கத்து உள் ஜாயின்ட் மேல் விழ வேண்டும்.

குறுக்கே கிடக்கும் எஞ்சின் முன்னும் பின்னுமாக ஆடும். அந்த ஆட்டத்தைத் தடுக்கும் மவுண்டிங் கிழிந்தால் கிளட்ச்சை விடும்போது "டொக்" என்று ஒரு அடி விழும், கியர் லீவரும் சேர்ந்து குதிக்கும். கிளட்ச் பிளேட் போய்விட்டது என்று தவறாக நினைத்துச் செலவு செய்வது இங்கேதான். இன்னொன்று, இந்த எஞ்சினின் பெல்ட் பக்கம் சக்கரத்தைப் பார்த்து இருப்பதால் ரேடியேட்டர் ஃபேனை அது சுற்ற முடியாது. ஃபேன் கரண்டில் ஓடுகிறது. ஹைவேயில் சரியாக இருந்து சிக்னலில் நிற்கும்போது மட்டும் சூடு ஏறினால் முதலில் ஃபேன் ஃபியூஸ், ரிலே, சென்சார் மூன்றையும் பாருங்கள். ஹெட்டைக் கழற்றும் பேச்செல்லாம் அதற்குப் பிறகு.

பின்சக்கர இழுவையில் காது கொடுக்க வேண்டியது புரொப்பல்லர் ஷாப்டின் (கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் நீளத் தண்டு) முனையில் மடங்கிச் சுழலும் கிராஸ் ஜாயின்ட்டுக்கு. சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, நியூட்ரலில் வைத்து, ஷாப்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் திருகுங்கள். கிராஸில் ஆட்டம் தெரிந்தாலோ மூடியைச் சுற்றி செம்மண் நிறத்தில் துருப்பொடி இருந்தாலோ உள்ளே ஊசி பேரிங் காய்ந்துவிட்டது. கிரீஸ் அடிக்கும் நிப்பிள் இருக்கும் கிராஸில் நாலு மூடியிலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். ஷாப்டைக் கழற்றுவதற்கு முன் ஃபிளேஞ்சுக்கும் ஷாப்டுக்கும் சேர்த்து பெயின்டால் ஒரு கோடு போடுவது இரண்டு நிமிட வேலை. அதை விட்டுவிட்டு இடம் மாற்றி மாட்டினால், அதுவரை இல்லாத அதிர்வு வேகம் எடுத்ததும் தொடங்கும்; பிறகு டயர் பேலன்ஸிங்குக்கு அலைவோம். ஆக்சில் மேல் காற்றுப் போக இருக்கும் சின்ன பிரீதர் சேறு அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் சீலைத் தாண்டி பிரேக் டிரம்முக்குள் வரும். சீல் மாற்றியும் மறுபடி கசிகிறதா, பிரீதரைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

மலைப்பாதையில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஏற்றத்தில் எடை பின்னால் சாய்கிறது. ஏழு பேரும் மூட்டைகளுமாகப் போகும் பின்சக்கர இழுவை வண்டிக்கு அது பிடிப்பைக் கூட்டும். முன்சக்கர இழுவைக்குக் குறைக்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் மழை ஈரமும் சரளையும் சேர்ந்த இடத்தில் நின்றுவிட்டுக் கிளம்பினால் முன்சக்கரம் சுழன்று தேயும். அங்கே ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க மோசம்தான். இரண்டாவது கியரில் மெதுவாகக் கிளட்ச் விடலாம், அல்லது பின்னால் உட்கார்ந்திருப்பவர்களை இறக்கிவிடலாம்.

பெயரை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்ய வேண்டாம். 1998-இல் வந்த சஃபாரி நெடுக எஞ்சின், பின்சக்கர இழுவை. 2021-இல் அதே பெயரில் வந்தது குறுக்கே எஞ்சின், முன்சக்கர இழுவை. இன்னோவாவும் அப்படித்தான். 2005-இல் வந்ததும் கிரிஸ்டாவும் லேடர் சேசிஸில் (ஏணி மாதிரியான தனிச் சட்டம்) பின்சக்கரத்தை ஓட்டுகின்றன. 2022-இல் வந்த ஹைகிராஸ், தனிச் சட்டம் இல்லாத மோனோகாக் உடலில் முன்சக்கரத்தை ஓட்டுகிறது. பிஎம்டபிள்யூ எக்ஸ்1 கூட 2015-இல் நெடுகிலிருந்து குறுக்குக்கு மாறியது.

வண்டி வழியில் நின்றுவிட்டால் ரெக்கவரி வண்டிக்காரருக்கு போனிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். முன்சக்கர இழுவை என்றால் முன்பக்கத்தைத் தூக்கி இழுக்கலாம். பின்சக்கர இழுவையில் அப்படித் தூக்கினால் பின்சக்கரம் உருண்டு புரொப்பல்லர் ஷாப்ட் வழியாக கியர் பாக்ஸைச் சுழற்றும். ஆட்டோமேட்டிக்கில் எஞ்சின் ஓடாமல் ஆயில் பம்ப் ஓடாது, கியர் பாக்ஸ் காய்ந்து கருகும். எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியா, பிளாட்பெட் (தட்டையான தளம் கொண்ட லாரி) மேல் ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும்.